முதுகுப் பக்கம் பார்த்து வீசுங்கள்

இதுவரை வந்த அத்தியாயங்கள் தனியாகப் போகிறவருக்கு எழுதியவை. விடிகாலை நாலு மணிக்கு எழுந்து, யார் தூக்கத்தையும் கெடுக்காமல் கதவைச் சாத்திவிட்டுக் கிளம்புகிறவர் தப்புச் செய்தால் அது அவரோடு போய்விடும். மனைவி, மாமியார், பிள்ளை, இரண்டு நாய் என்று வண்டி கொள்ளாமல் ஏறிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் புறப்படுவது வேறு கணக்கு. நாலு கிழங்கான், ஒரு கெளுத்தி, பெயர் தெரியாத பொடி இரண்டு. அன்றைய வரவு அவ்வளவுதான் என்று கிளம்பும்போதே மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். தூண்டில்காரனின் கண் எப்போதும் கடல் பக்கமே இருக்கும். குடும்பத்தோடு போகிற நாளில் ஆபத்து முழுக்க அவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருக்கும்.

எங்கே

நான் போவது கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் உள்ள மணற்கரை. வடநெம்மேலி, நெம்மேலி, பட்டிபுலம் என்று குப்பங்கள் வரிசையாக வரும். எந்தக் குப்பத்துக்கும் நேரே போகாதீர்கள். இரண்டு குப்பத்துக்கு இடையே, சவுக்குத் தோப்பு கரையை ஒட்டி வரும் இடமாகப் பாருங்கள். இதற்கு இரண்டு காரணம். குப்பத்துக் கரை வலைக்கும் படகுக்கும் உரிய இடம். அடுத்தது, ஒவ்வொரு குப்பத்திலும் படகடியில் படுத்திருக்கும் நாய்க்கூட்டம். உங்கள் வீட்டு நாய் அங்கே விருந்தாளி இல்லை, எதிரி.

கோவளம் கடற்கரைக்கு 2021இல் நீலக்கொடிச் சான்று கிடைத்தது. நாய்களையும் மற்ற வளர்ப்புப் பிராணிகளையும் கண்டிப்பாகக் கட்டுப்படுத்த வேண்டும் என்பது அந்தக் கொடிக்கான நிபந்தனைகளில் ஒன்று. ஆகவே நாயோடு போகிறவர்கள் அந்தப் பகுதியை விட்டுவிடுங்கள்.

முட்டுக்காடு முகத்துவாரம் ஆசை காட்டும். கொடுவா, செப்பிலி, மடவை எல்லாம் அங்கேதான் வாய் திறந்து காத்திருப்பதுபோல் தோன்றும். தனியாகப் போகும் நாளுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். வற்றம் இறங்கும் நேரத்தில் கழியின் தண்ணீரெல்லாம் அந்த வாய் வழியாகக் கடலுக்கு ஓடும். கரை மணல் காலடியிலேயே சரியும். குழந்தையும் நாயும் நிற்கிற இடமில்லை அது.

எப்போது

கிழக்குக் கரையில் பிற்பகலுக்கு ஒரு சௌகரியம் உண்டு. சூரியன் தரைப் பக்கம் இறங்குவதால் வெயில் முதுகில் விழும், கண்ணைக் குத்தாது. சவுக்கு நிழல் மூன்றரை மணிக்கு மேல் கடலை நோக்கி நீள ஆரம்பிக்கும். அந்த நிழலின் விளிம்பில் பாயை விரித்தால் இரண்டு தடவை நகர்த்தினால் போதும், அந்தி வரை ஓடிவிடும்.

மூன்றரைக்கு முன்னால் மணலில் நாயை இறக்காதீர்கள். புறங்கையை மணலில் வைத்து ஏழு வரை எண்ணுங்கள். கை பொறுக்கவில்லை என்றால் அதன் பாதமும் பொறுக்காது. சித்திரை, வைகாசியில் ஐந்து மணி ஆனாலும் கை பொறுக்காத நாட்கள் உண்டு. எனக்குப் பிடித்த காலம் தை பாதியிலிருந்து பங்குனி வரை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, கடல் கலங்கல் தெளிந்து, காற்றும் முகத்தில் அறையாமல் வீசும்.

ஏற்றவற்றம் பற்றி மூன்றாம் அத்தியாயத்தில் விரிவாகச் சொன்னேன். இங்கே ஒன்று மட்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் சென்னைக் கரையில் பிற்பகல் இரண்டு, மூன்று மணி வாக்கில் தண்ணீர் வற்றியிருக்கும்; இரவு எட்டு, ஒன்பது மணிக்கு ஏறி நிற்கும். நீங்கள் உட்கார்ந்திருக்கும் நேரம் முழுக்க ஏறுகிற தண்ணீர். மீனுக்கு அது நல்லது. பாய்க்கு நல்லதில்லை. ஏற்றத்தின் உயரம் நம் கரையில் ஒரு மீட்டர் அளவுதான் என்றாலும், சரிவு குறைந்த மணலில் அலை பத்துப் பன்னிரண்டு அடி உள்ளே வந்துவிடும். செருப்பைக் கழற்றி வைப்பவர்கள் இதை ஒவ்வொரு வருஷமும் புதிதாகக் கற்றுக்கொள்கிறார்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடையில் கரைத் தூண்டில் போடலாமா என்று கேட்கிறார்கள். அந்தத் தடை விசைப்படகுகளுக்கு. உங்களுக்கு அந்த நாட்களில் வரும் கஷ்டம், இரைக்கு வாங்கும் இறால் விலை ஏறிவிடும் என்பதுதான்.

ஒரே ஒரு கம்பு

வீட்டில் நாலு கம்பு இருக்கலாம். குடும்பத்தோடு போகும் அன்றைக்கு ஒன்றை மட்டும் எடுங்கள். எட்டு ஒன்பது அடிக் கம்பு, 0.35 மில்லிமீட்டர் நரம்பு, 60 கிராம் ஈயம். கிழங்கான் தூரத்தில் இல்லை. முதல் அலை உடைந்து விழும் இடத்துக்குப் பின்னால் ஒரு பள்ளம் இருக்கும், அங்கேதான் மணலை மேய்ந்துகொண்டிருக்கும். இருபது முப்பது மீட்டர் வீசினால் போதும். தூரத்துக்கு வீசிக் காட்டும் ஆசை வந்தால், யாருக்குக் காட்டுகிறோம் என்று ஒரு தரம் யோசித்துக்கொள்ளுங்கள்.

முள் சிறியதாக இருக்கட்டும், ஆறாம் நம்பரோ எட்டாம் நம்பரோ. கிழங்கானுக்கு வாய் சிறியது. ஒரு நரம்பில் ஒரு முள்தான். முள்ளின் உள்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் எதிர்முள்ளைப் பிளேயரால் நசுக்கித் தட்டையாக்கிவிடுங்கள். இரண்டு மீன் தப்பிக்கும், பரவாயில்லை. விரலில் ஏறினால் ஏறிய வழியே வெளியே வரும்.

இறாலை ஓடு நீக்கி நகத்தளவு நறுக்கி, மூடி இறுகப் பூட்டும் டப்பாவில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் வைத்தால் அது நாய்க்குக் கொண்டுவந்த தின்பண்டம். மாற்று முட்களை ஒரு பெரிய தக்கையில் குத்தி வையுங்கள். எத்தனை குத்தினீர்கள் என்று எண்ணி, தக்கையின் மேலேயே பேனாவால் எழுதுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கம்பை நட்டு வைக்க ஒரு மீட்டர் பிவிசி குழாய், அடிப்பக்கம் சாய்வாக அறுத்தது. அதற்கு ஒரு சட்டம் உண்டு. குழாயில் கம்பு நிற்கிறது என்றால் அதன் முள் கடலுக்குள் இருக்க வேண்டும். கடலுக்குள் இல்லையென்றால் தக்கையில் இருக்க வேண்டும். இரை மாட்டிய முள் காற்றில் தொங்கிக்கொண்டிருக்கும் நிலை என்று ஒன்று கிடையாது.

ஆறு வயதுக் குழந்தைக்கு முதல் நாளே முள் வேண்டாம். ஈயம் மட்டும் கட்டிக் கொடுங்கள், வீசட்டும், சுற்றட்டும். நாற்பது நிமிஷத்துக்குமேல் எப்படியும் நிற்காது. அதன்பின் காற்றில் உருண்டு ஓடும் ராவணன் மீசைப் பந்தைத் துரத்தப் போய்விடும். அந்தப் பந்தின் முனை ஊசி மாதிரி. குழந்தைக்குச் செருப்பு இருக்கட்டும், நாயின் விரலிடுக்கை அவ்வப்போது பாருங்கள்.

என் மாமியார் கம்பைத் தொடமாட்டார். ஒரு பழைய பால் டின்னில் சுற்றிய கைநரம்புதான் அவருக்கு. ஆட்காட்டி விரலில் நரம்பைப் போட்டுக்கொண்டு, பேச்சை நிறுத்தாமல் உட்கார்ந்திருப்பார். கிழங்கான் கடிப்பது விரலை யாரோ இரண்டு தரம் சுண்டுவது மாதிரி இருக்குமாம். முதல் சுண்டலுக்கு அசையமாட்டார், இரண்டாவதற்கு மணிக்கட்டை மட்டும் திருப்புவார். என் கம்பு வாங்கிய விலையை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

கோடு

வந்து இறங்கியதும் குதிகாலால் மணலில் ஒரு கோடு கிழியுங்கள், தண்ணீருக்கு இணையாக. கோட்டுக்குக் கடல் பக்கம் வீசுகிறவர் மட்டும். மற்ற எல்லோரும், எல்லாமும், பதினைந்து தப்படி பின்னால். ஒவ்வொரு வீச்சுக்கும் முன்னால் இரு தோளுக்கு மேலும் திரும்பிப் பார்த்துவிட்டு "வீசறேன்" என்று சத்தமாகச் சொல்லுங்கள். பின்னால் இருப்பவர் "சரி" சொன்ன பிறகே கையை ஓங்க வேண்டும். நாய் பதில் சொல்லாது. அதன் கயிற்றைப் பிடித்திருப்பவர் அதற்கும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரு வாரம் கேலியாக இருக்கும், பிறகு பழகிவிடும். என் மகள் இப்போது பூப்பந்து மட்டையை ஓங்கும் முன்பும் "வீசறேன்" என்கிறாள்.

ஒரு நாய்க்கு ஒரு பெரியவர் என்பது கணக்கு. இரண்டு நாய் என்றால் கம்பு பிடிப்பவரைத் தவிர இரண்டு பேர். ஆள் குறைந்தால் ஒரு நாயை வீட்டில் விடுங்கள், அல்லது கம்பை விடுங்கள். நீண்டு சுருங்கும் டேப் கயிறு கடற்கரைக்கு உதவாது. மணல் ஏறிச் சிக்கிக்கொள்ளும். ஆறடிப் பருத்திக் கயிறு போதும். கட்ட வேண்டும் என்றால் சவுக்கு மரத்தில் கட்டுங்கள். மடக்கு நாற்காலியில் கட்டினால் நாற்காலியும் சேர்ந்து ஓடும்.

கருப்பன் விழுங்கிய முள்

நாலு வருஷத்துக்கு முன் ஒரு மாசி மாதம். இரை மாட்டி முடித்தேன். மாமியார் டீ கேட்டார். கம்பைக் கார்க் கதவில் சாய்த்துவிட்டுப் பிளாஸ்கைத் திறந்தேன். அரை டம்ளர் ஊற்றியிருப்பேன். ரீல் கரகரவென்று ஓடுகிற சத்தம். நரம்பு போகிறது, மீன் என்று ஒரு நொடி எனக்குள் சந்தோஷம் பொங்கியது. கடல் எனக்கு வலப்பக்கம் இருந்தது. நரம்பு இடப்பக்கம் ஓடியது, சவுக்குத் தோப்பை நோக்கி.

கருப்பன் நாட்டு நாய். இறாலை மெல்லவில்லை, அப்படியே விழுங்கியிருந்தான். நான் செய்த முதல் காரியம் நரம்பை இழுத்தது. செய்யக் கூடாதது அதுதான். இழுத்தால் உள்ளே இருக்கும் முள் சதையில் ஏறும். அதற்குப் பிறகு செய்ததெல்லாம் போனில் ஒரு கால்நடை மருத்துவர் சொல்லச் சொல்லச் செய்தது, அப்படியே எழுதுகிறேன். நரம்பை வாயோரம் ஒட்ட வெட்டாதீர்கள். ஒரு முழம் வெளியே விட்டு வெட்டி, அந்த நுனியைக் கழுத்துப்பட்டையில் தளர்வாகக் கட்டுங்கள், மருத்துவர் முள்ளைத் தேடிப்போக அதுதான் வழி. வாந்தி எடுக்க வைக்காதீர்கள். தண்ணீர், சாப்பாடு எதுவும் கொடுக்காதீர்கள். அது நரம்பைக் கடிக்காமல் ஒருவர் தலையைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் வண்டி ஓட்டுங்கள். கருப்பனுக்கு எக்ஸ்ரேயில் முள் உணவுக்குழாயின் மேல்பக்கம் தெரிந்தது. மயக்க மருந்து கொடுத்து வாய் வழியாகவே எடுத்துவிட்டார்கள். மூன்று நாள் கஞ்சி. வயிற்றுக்குள் இறங்கியிருந்தால் கத்தி வைத்திருப்பார்கள்.

உதட்டிலோ காதிலோ பாதத்திலோ குத்தி, முனை வெளியே தெரிகிறது என்றால், ஒருவர் நாயை அணைத்துப் பிடிக்க, முனையை முன்னால் தள்ளி வெளியே எடுத்துப் பிளேயரால் வெட்டிவிட்டு மீதியைப் பின்னால் உருவலாம். அது துள்ளுகிறது, கடிக்க வருகிறது என்றால் முயலாதீர்கள். கண்ணருகே என்றால் தொடவே வேண்டாம்.

உங்கள் முள்ளைவிட மோசமான ஒன்று மணலிலேயே கிடக்கும். பேத்தை. வலையில் மாட்டியதை விலை போகாது என்று கரையில் வீசியிருப்பார்கள், வெயிலில் காய்ந்து பந்துபோல் கிடக்கும். அதன் ஈரலிலும் சினையிலும் இருக்கும் நஞ்சுக்கு மாற்று மருந்து கிடையாது. நாய் அதை வாயில் கவ்வியது தெரிந்தால் எச்சில் ஒழுகுகிறதா, கால் தள்ளாடுகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள், வண்டியை எடுங்கள். பாயை விரிக்கும் முன் சுற்றி ஐம்பது தப்படி நடந்து, காய்ந்த மீன், அறுந்த நரம்பு, கண்ணாடிச் சில்லு எல்லாவற்றையும் பொறுக்கிப் பையில் கட்டுவது என் மனைவியின் வேலை. அவர் கண்ணில் பட்ட பேத்தைகள் என் கண்ணில் பட்டவற்றைவிடப் பல மடங்கு.

பிறகு தண்ணீர். ஒரு நாய்க்கு இரண்டு லிட்டர் நல்ல தண்ணீர் கொண்டுபோங்கள். கேட்கும் வரை காத்திருக்காமல் கால் மணிக்கு ஒருமுறை கிண்ணத்தை நீட்டுங்கள். தாகம் வந்தால் அலையை நக்கும். கொஞ்சம் போனால் பேதி, நிறையப் போனால் உப்பு மூளையைப் பாதிக்கும். பந்தை அலையில் வீசிக் கவ்வச் சொல்லும் விளையாட்டில், ஒவ்வொரு கவ்வலுக்கும் ஒரு வாய்க் கடல்நீர் உள்ளே போகிறது. நீலமாகவோ கண்ணாடிபோலவோ சொறிமீன் ஒதுங்கிய நாளில் அந்தப் பக்கமே வேண்டாம்.

தெருநாய் கடித்துவிட்டால், மனிதருக்கானாலும் நாய்க்கானாலும், சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசிக்குப் போங்கள். வீட்டு நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி நாள் தவறியிருந்தால் கடற்கரைக்கு அழைத்து வராதீர்கள்.

குப்பத்து ஆட்களிடம்

கரைவலை இழுத்துக்கொண்டிருந்தால் கம்பைச் சுற்றிவிட்டு ஒதுங்குங்கள். காயப்போட்ட வலையைத் தாண்டிப் போகாதீர்கள், நாயை அதன் பக்கம் விடாதீர்கள். அது காலைத் தூக்கினால் நியாயமாகவே திட்டு விழும். கருவாடு காயும் பாய்க்கும் இதேதான். இரண்டு வார்த்தை பேசினால் அவர்கள் சொல்லாத விஷயம் இல்லை. ஒருமுறை ஈயம் மணலில் நிற்காமல் தெற்கே தெற்கே போய்க்கொண்டிருந்தது. நான் 60 கிராமை 90 ஆக்கி, 90ஐ 120 ஆக்கிக்கொண்டிருந்தேன். படகுக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்த பெரியவர் பார்த்துவிட்டு, "தம்பி, வன்னி ஓடுது. நீ கல்லக் கட்டிப் போட்டாலும் நிக்காது. சுருட்டிக்கினு புள்ளைங்களோட வெளையாடு" என்றார். வடக்கிலிருந்து தெற்கே ஓடும் நீர் அவர்களுக்கு வன்னி, தெற்கிலிருந்து வடக்கே ஓடுவது தெண்டி. "இன்னிக்கு என்னண்ணே ஓடுது?" என்று கேட்டுவிட்டுக் கம்பை எடுப்பது நல்லது.

அவரிடம் கற்ற இன்னொன்று. அலை எல்லா இடமும் வெள்ளையாக உடைந்துகொண்டிருக்க, நடுவே ஒரு துண்டு மட்டும் உடையாமல் தட்டையாக, கொஞ்சம் கலங்கலாகத் தெரியும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அமைதியான இடம் என்று அங்கேதான் குழந்தையை இறக்குவார்கள். கரைக்கு வந்த தண்ணீரெல்லாம் கடலுக்குத் திரும்பி ஓடும் வாய்க்கால் அது. ஆளை இழுத்துப்போகும். வாய்க்காலின் ஓரத்தில் மீன் இரை தேடும் என்பதால் தூண்டிலுக்கு நல்ல இடம். குளிக்க ஆகாத இடம். தூண்டில் போடும் கரையில் யாரும் குளிக்கக் கூடாது என்று ஒரேயடியாகச் சொல்லிவிடுங்கள்.

மீன் வந்தால்

கீச்சான் வந்தால் கையில் எடுத்ததும் கீச்சுக் கீச்சென்று கத்தும். இரண்டு நாயும் காதை விடைத்துக்கொண்டு எழுந்து நிற்கும். கயிற்றைப் பிடித்திருப்பவர் இதற்குத் தயாராக இருக்க வேண்டும். செவுளோரத்து முள் கையைக் கிழிக்கும், துணியால் பிடியுங்கள். சின்னதாக இருந்தால் கையை நனைத்துக்கொண்டு பிடித்துத் தண்ணீரில் விடுங்கள்.

கெளுத்திக்கு முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என மூன்று முள். மூன்றிலும் விஷம். மணலில் துள்ளவிட்டால் நாயின் மூக்கு அதைத் தேடி வரும். காலால் மிதித்துப் பிடிக்கும் வழக்கத்தை விடுங்கள், செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறியதைப் பார்த்திருக்கிறேன். நரம்போடு தூக்கிப் பிளேயரால் முள்ளைக் கழற்றுங்கள். குத்திவிட்டால் வெந்நீர்தான் முதல் மருந்து. இந்த மீன் விஷம் சூட்டில் முறியும். குத்துப்படாத கையால் சூடு பார்த்து, பொறுக்கும் அளவு வெந்நீரில், 45 டிகிரிக்கு மேல் போகாமல், அரை மணியிலிருந்து ஒன்றரை மணி வரை காயத்தை முக்கி வையுங்கள். வலி இறங்குவது தெரியும். பிறகு மருத்துவரிடம் போய் டிடி ஊசி போட்டுக்கொள்ளுங்கள், முள் துண்டு உள்ளே நிற்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். இதற்காகவே எங்கள் வண்டியில் டீ பிளாஸ்க் ஒன்று, வெறும் வெந்நீர் பிளாஸ்க் ஒன்று. திருக்கை குத்தினாலும் இதே வைத்தியம், ஆனால் அதற்கு மருத்துவமனை இன்னும் அவசரம்.

கிளம்பும்போது

வெளிச்சம் இருக்கும்போதே சுருட்டுங்கள். மாசி, பங்குனியில் ஆறேகால் மணி வாக்கில் சூரியன் இறங்கிவிடும். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் இந்தக் கரையில்தான் இரவில் ஏறி முட்டையிடும். நாய்க்கு அந்த மணற்குழி தோண்டக் கிடைத்த பொக்கிஷம். மாலையில் நாய் ஓரிடத்தை விடாமல் மோந்து தோண்டினால் உடனே இழுத்துக்கொண்டு வாருங்கள்.

அறுந்த நரம்பைச் சாண் நீளத்துக்கு நறுக்கி வீட்டுக்கு எடுத்துப்போங்கள். நாயை நல்ல தண்ணீரில் அலசி, விரலிடுக்கு, காது, கழுத்துப்பட்டையின் அடி மூன்றையும் துடையுங்கள். ரீலுக்கும் ஒரு குவளைத் தண்ணீர்.

கடைசியாகத் தக்கை. எழுதிய எண்ணையும் குத்தியிருக்கும் முட்களையும் ஒப்பிடுங்கள். கடலில் அறுந்துபோனதை அப்போதப்போது கழித்து எழுதியிருக்க வேண்டும். போன மாதம் எட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஏழுதான் இருந்தது. பாயை உதறினோம், டப்பாவைக் கவிழ்த்தோம், கருப்பன் வாயைத் திறந்து பார்த்தோம், செல்போன் வெளிச்சத்தில் மணலைத் துழாவினோம். இருபது நிமிஷம் தேடியபின் வண்டியில் ஏறப்போன மாமியார், "யாருப்பா சேலையைப் பிடிச்சு இழுக்கிறது?" என்றார்.